மொட்டைச் சிகரத்தில் ஒரு குடை

பிப்ரவரி 4

சுண்டு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நான்கு சிகரங்களை ஒரே பகலில் சுற்றி வரப்போகிறேன் என்று எழுதுகிறவள் நலமாகத்தான் இருப்பாள். நலமில்லாதவள் நான். உன் கடிதத்தை லேபில் வேலைக்கு நடுவே பிரித்தேன். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்கு மேல்வரிசைப் பொய்ப்பற்களை மெழுகில் நட்டு முடித்திருந்த நேரம். படித்துவிட்டுப் பார்த்தால் முன்பல் இரண்டும் கோணிக்கொண்டு நிற்கின்றன. பாவம் அந்த மனிதர். உன் மலையேற்றத்துக்கும் அவர் வாய்க்கும் என்ன சம்பந்தம்?

போகட்டும். வழி கேட்டிருக்கிறாய். நம் வீட்டில் அந்த மலையைச் சுற்றியவர்கள் அப்பாவும் நானும்தான். அப்பா இல்லாததால் என்னிடம் கேட்கிறாய், தெரிகிறது. அவர் அங்கே கல்குவாரிக்கு லாரி ஓட்டிய காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை மட்டும் கூட்டிப்போனார். நீ அம்மை போட்டுப் படுத்திருந்தாய். இதெல்லாம் உனக்கு மனப்பாடம். கல்யாணமாகி நீ அதே மலையடிவாரத்துக்கே போய்ச் சேருவாய் என்று அன்றைக்கு யார் கண்டது?

குறித்துக்கொள். குவாரி கேட்டிலிருந்து இடது பக்கமாகச் சுற்ற வேண்டும். முதலில் மொட்டை. செங்குத்து, மூச்சு வாங்கும், ஆனால் காலையில் அந்தப் பக்கம் நிழல். அதை ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்தது கூனன். கூனனுக்கும் கத்திக்கும் நடுவில் ஒரு கணவாய் இருக்கிறது, அங்கே ஊற்று. சுற்று முழுவதிலும் தண்ணீர் அந்த ஒரு இடத்தில்தான். முடியவில்லை என்றால் அங்கிருந்தே சாலைக்கு இறங்கிவிடலாம். கத்தியை மதியத்துக்குள் தாண்டிவிடு, பிறகு மேகம் ஏறிவிடும். கடைசியில் பீப்பாய். அதற்குப் பிறகு வெறும் புல்சரிவு, உருண்டால்கூடக் கேட்டில் வந்து நிற்பாய். குடை எடுத்துப் போ. மேலே ஒரு மரம்கூடக் கிடையாது.

இப்போது என் கேள்வி. கூட வருகிறவள் உன் ஓரகத்தி என்று எழுதியிருக்கிறாய். உன் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்து அவளுக்கு இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. நீச்சல் சொல்லிக்கொடுக்கிற பெண், கடலோரத்தில் வளர்ந்தவள். அவளுக்கு மலையில் என்ன வேலை? அதுவும் மார்ச் இரண்டாம் தேதியே போயாக வேண்டும் என்று என்ன அவசரம்? மலை எங்கேயும் ஓடிப்போகாது. எனக்கு ஏப்ரலில் லீவு கிடைக்கும்.

சும்மாதான் கேட்டேன்.

அக்கா


பிப்ரவரி 9

அக்கா,

நீதிபதியின் பல் நேராகிவிட்டதா? இல்லையென்றால் அப்படியே கொடுத்துவிடு. கோணல் பல்லோடு சிரித்தால் மனிதர் நல்லவர் மாதிரி தெரிவார்.

"இதையெல்லாம் போன்ல பேசிக்கக் கூடாதா ரெண்டு பேரும்?" என்று அத்தான் கேட்டாராம். அவரிடம் சொல், போனில் நீ மட்டும்தான் பேசுவாய். கடிதம் என்றால் எனக்கும் முறை வரும்.

ஓரகத்தியைப் பற்றிக் கேட்டிருந்தாய். சொல்கிறேன். என்னைவிட ஒரு பிடி உயரம். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், வீட்டிலும் கழற்ற மாட்டாள். ஒருநாள் மாமனார் பால் பொங்குவதைப் பார்க்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவள் ஊதினாள் பார், மனிதர் நாற்காலியோடு எழுந்துவிட்டார். வந்த முதல் வாரமே நான் வேலை பார்க்கும் ஓட்டல் லாண்டரிக்கு வந்து, நீராவி மிஷினுக்குப் பக்கத்தில் நின்று, "அக்கா, இந்தச் சூட்டுல நாள் முழுக்க எப்படிக்கா நிக்கறீங்க?" என்று கேட்டாள். அக்கா என்று கூப்பிடுகிறாள், தெரியுமா? முதலில் யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

போன ஞாயிறு இருவரும் போய் பூட்ஸ் வாங்கினோம். ஒரே மாதிரி, பழுப்பு நிறம், அவளுடையது ஒரு சைஸ் பெரிது. பயிற்சிக்காக ஓட்டலின் பின்படிக்கட்டில் ஈரப் போர்வை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறி இறங்குகிறேன். லிஃப்ட் இருக்கும்போது எதற்கு என்று மேலாளர் கேட்டார். லிஃப்ட் மலைக்கு வராது என்றேன்.

நீ எழுதிய வழியை அவளிடம் காட்டினேன். எல்லாம் சரி, ஆனால் வலது பக்கமாகச் சுற்றலாம் என்கிறாள். "எடுத்த எடுப்புல செங்குத்தா ஏறினா உடம்பு சூடாகறதுக்கு முன்னாடியே மூச்சு இரைச்சிடும்க்கா. பீப்பாய்ல இருந்து மெதுவா ஆரம்பிப்போம், மொட்டையைக் கடைசியா வச்சுக்கலாம்." எனக்கும் அது நியாயமாகப் படுகிறது. உடம்பைப் பற்றி அவளுக்குத் தெரியும் இல்லையா?

குடையா! மலைமேல் குடை பிடித்துக்கொண்டு போனால் ஆடு மேய்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

சுண்டு


பிப்ரவரி 13

சுண்டு,

உன் கடிதத்தில் எத்தனை இடத்தில் "அவள்" வருகிறாள் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். எனக்கும் வேலை இருக்கிறது.

ஒரே மாதிரி பூட்ஸாம். பிறந்ததிலிருந்து உன்னோடு இருக்கிறேன், நாம் இருவரும் ஒரே மாதிரி எதையாவது வாங்கியிருக்கிறோமா? நான் பச்சை எடுத்தால் நீ நீலம்தான் வேண்டும் என்று கடையில் தரையில் உட்கார்ந்து அழுவாய். இன்றைக்கு ஒரு நீச்சல்காரி வந்து பழுப்பு என்றால் உனக்கும் பழுப்பு. வயிறு எரிகிறதா என்று கேட்காதே. எரிகிறது. நேற்று உன் அத்தான், "காதுல இருந்து புகை வருது, ஜன்னலைத் தொற" என்றார். அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு ஆறித்தான் கிடைத்தது.

வழிக்கு வருகிறேன். தண்ணீரில் மிதக்கிற உடம்பைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கலாம். மலையைப் பற்றி என்ன தெரியும்? ஏறும்போது செங்குத்து இருந்தால் மூச்சுதான் போகும். இறங்கும்போது செங்குத்து இருந்தால் முட்டி போகும். அதுவும் நாளின் கடைசியில், கால் நடுங்குகிற நேரத்தில். மேலும் வலது பக்கமாக வந்தால் மொட்டையிலிருந்து இறங்கும் வழியில், குவாரிக்கு மேலே, ஒரு இடம் இருக்கிறது. அதை எழுதினால் புரியாது. நேரில் காட்டினால்தான் புரியும். அப்பா எனக்கு அப்படித்தான் காட்டினார்.

அதனால் ஒரு முடிவு செய்துவிட்டேன். எங்கள் டாக்டரிடம் பேசியாகிவிட்டது. "நீங்க பல்லைக் கடிக்கற சத்தம் என் ரூம் வரைக்கும் கேக்குது, போய்ட்டு வாங்கம்மா" என்று லீவு கொடுத்துவிட்டார். மார்ச் ஒன்றாம் தேதி மாலைக்குள் உன் வீட்டில் இருப்பேன். மூன்று பேராகவே போவோம், எனக்கு ஒன்றும் இல்லை. நான் முன்னால் நடக்கிறேன். நீங்கள் இருவரும் பேசிக்கொண்டு பின்னால் வாருங்கள். எங்கே கால் வைப்பது, எங்கே உட்காருவது, எங்கே தண்ணீர் குடிப்பது எல்லாம் நான் சொல்கிறேன்.

பூட்ஸ் வாங்க மாட்டேன். என் பழைய ஷூவே போதும்.

அக்கா


பிப்ரவரி 18

அக்கா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ வராதே.

கோபப்படுவதற்கு முன்னால் முழுக்கப் படி. லாண்டரியின் பின்வாசலைத் திறந்தால் போர்வை காயப்போடும் முற்றம். கம்பிகளுக்கு நடுவே அந்த மலை தெரியும், நான்கு சிகரமும். இங்கே வந்த நாளிலிருந்து தினமும் பார்க்கிறேன். ஒரு நாள்கூட அதை மலையாகப் பார்த்ததில்லை. உன் மலையாகத்தான் பார்த்திருக்கிறேன். அதோ மொட்டை, அங்கேதான் அக்கா அப்பாவின் தோளில் கைபோட்டு நின்றாள். அதோ கூனன், அங்கேதான் அப்பா அக்காவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். நான் போகாத இடத்தில் உனக்கு நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும். நீ அத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். சொல்லும்போதெல்லாம் நான் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். உள்ளே என்ன நடந்தது என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை.

உனக்கு அவள்மேல் பொறாமை என்கிறாய். சில மாதமாகத்தானே? எனக்கு உன்மேல் அம்மை போட்ட வயதிலிருந்து பொறாமை.

நீ முன்னால் நடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு திருப்பத்திலும், "இதோ இப்ப வரும் பார், இங்கதான் அப்பா" என்று ஆரம்பிப்பாய். நான் பார்ப்பதற்கு முன்னால் நீ சொல்லிவிடுவாய். எனக்கு ஒரே ஒரு தடவை, மேலே என்ன வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு சிகரத்தில் ஏற வேண்டும். கூட வருகிறவளுக்கும் எனக்கு இருக்கிற அளவுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அவளோடு போகிறேன் என்றால் காரணம் அதுதான், பூட்ஸ் இல்லை. அவள் என்னை அக்கா என்று கூப்பிடுவதும் ஒரு காரணம், மறைக்கவில்லை. ஒரே ஒரு நாள் நானும் பெரியவளாக இருந்து பார்க்கிறேனே.

ஏப்ரலில் வா. வீட்டுக்கு வா. மலைக்கு வேண்டாம்.

சுண்டு


பிப்ரவரி 22

சுண்டு,

கடிதம் கிடைத்தது. வரவில்லை. லீவை ரத்து செய்துவிட்டேன்.

உன் ஓரகத்தி சொன்னபடி வலது பக்கமாகவே போ. வழியில் என்ன வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்றாய். சொல்லவில்லை.

அக்கா


மார்ச் 4

அக்கா,

முடித்துவிட்டோம். நான்கு சிகரமும். காலில் இரண்டு கொப்புளம், மூக்கு தோலுரிந்திருக்கிறது, இஸ்திரி மேஜைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். எல்லாவற்றையும் எழுதப்போவதில்லை. சிலது எனக்கே இருக்கட்டும். ஆனால் சிலதை உனக்கு எழுதியே ஆக வேண்டும்.

முதலாவது, இடது பக்கமாகத்தான் சுற்றினோம்.

உன் கடைசிக் கடிதம்தான் காரணம். பேனாவை எடுத்தால் இரண்டு பக்கம் குறையாதவள் நீ. நாலு வரி எழுதி நான் பார்த்ததே இல்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். அந்த நாலு வரி என்னைத் தூங்க விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஓரகத்தியிடம், "இடது பக்கமாவே போயிடலாம்மா, அக்கா சொன்ன மாதிரி" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. "சரிக்கா, உங்க அக்காவுக்கு மனசு ஆறினாச் சரி" என்றாள். அவளைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் அவளுக்குப் புத்தி இருக்கிறது. வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிட்டோம். போனை வேண்டுமென்றே முதல்நாள் காலையிலேயே அணைத்து வீட்டில் வைத்துவிட்டேன். வழியில் நீ கூப்பிட்டு வழிகாட்டுவாயோ என்று பயம்.

இரண்டாவது. குவாரிக்கு மேலே, புதருக்குள் ஒற்றையடிப் பாதையாக ஏறி, பிளந்து கிடக்கும் ஒரு பெரிய பாறைக்குப் பக்கத்தில் வெளியே வந்தோம். மூச்சு வாங்க நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தோம். நாங்கள் வந்த பாதையே தெரியவில்லை, புதர் மூடியிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது பக்கத்தில் இறங்கும் அகலமான பழைய வண்டிப்பாதை. "அட, இவ்வளவு நல்ல ரோட்டை விட்டுட்டு முள்ளுல வந்தோமே" என்று ஓரகத்தி அதில் இறங்கிப் போனாள். கொஞ்ச தூரத்தில் நின்றாள். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. அந்தப் பாதை ஒரு வளைவில் அப்படியே முடிந்துவிடுகிறது. கல் எடுப்பதற்காக மலையை வெட்டிய இடம். கீழே வெறும் காற்று.

"அக்கா, நாம அந்தப் பக்கமா சுத்தி சாயங்காலம் இதுல இறங்கியிருந்தா?" என்றாள். அப்புறம் கேட்டாள், "உங்க அக்கா இதை எழுதலையா?"

"எழுதியிருந்தா. நான்தான் உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றேன்.

நான் அவளிடம் சொன்ன முதல் பொய்.

மூன்றாவது. கூனனைத் தாண்டி, ஊற்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, கத்தி மேல் ஏறிக்கொண்டிருந்தோம். ஓரகத்தி திரும்பிப் பார்த்து, "அக்கா, மொட்டை உச்சியில யாரோ குடை பிடிச்சுட்டு நிக்கறாங்க" என்றாள். நானும் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு குடை. பற்பசைக் கம்பெனிக்காரன் உங்கள் லேபுக்கு இலவசமாகக் கொடுத்தானே, அந்த மாதிரி. நான் கையை ஆட்டினேன். அவள் விசில் ஊதினாள். உடனே குடை மூடிக்கொண்டது. ஆள் சட்டென்று பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

கையை ஆட்டினால் குடையை மூடிக்கொண்டு ஒளிகிற ஆள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை நீ எங்கே இருந்தாய்? அத்தானிடம் போனில் கேட்டாகிவிட்டது. அவருக்குப் பொய் சொல்ல வராது, மூன்று தடவை இருமினார். பதிலை நீ எழுது.

சுண்டு


மார்ச் 8

சுண்டு,

உன் அத்தானுக்கு இருமல் மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இனிமேலாவது ஒழுங்காக இருமட்டும்.

நான்தான். வேறு யார்?

அந்த இடம் எனக்குத் தெரியும். அப்பா என் கையைப் பிடித்து வண்டிப்பாதையின் விளிம்பு வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டினார். "மேல இருந்து வந்தா இதுதான் வழின்னு தோணும், நம்பவே கூடாது, பாறைக்கு இடது கைப் பக்கம் புதருக்குள்ள இறங்கு" என்றார். ஒரு வரி. எழுதினால் புரியாது என்று உனக்கு எழுதினேனே, அது பொய். நன்றாகப் புரியும். அதை என் கையில் வைத்துக்கொண்டால் நீ என்னைக் கூட்டிப்போய்த்தான் ஆக வேண்டும் என்று நினைத்தேன். நீ வராதே என்றதும் எனக்குக் கண் தெரியவில்லை. யாரும் முன்கூட்டிச் சொல்லக் கூடாதாமே, போ, போய்ப் பார் என்று எழுதி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு, லேபுக்கு வந்து வேலை பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

சனிக்கிழமை மதியம் ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்பல் ஒன்று செய்துகொண்டிருந்தேன். சைக்கிளில் இருந்து விழுந்து உடைத்துக்கொண்டவள். டாக்டர் அவளிடம், "அங்க பள்ளம் இருக்குன்னு யாரும் சொல்லலையாம்மா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவ்வளவுதான். பல்லை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். உனக்குப் போன் செய்தேன், அணைத்திருந்தது. லாண்டரிக்குச் செய்தேன், நீ வீட்டுக்குப் போயாகிவிட்டது என்றார்கள். உன் வீட்டுக்காரருக்குச் செய்தால் அவர் ஓட்டல் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார் போல, மணி அடித்துக்கொண்டே இருந்தது. கையில் இருந்த பையோடும் குடையோடும் பஸ் ஏறிவிட்டேன். அது வழியில் இரண்டு தடவை பழுதாகி நின்றது, என் போனிலும் சார்ஜ் தீர்ந்துவிட்டது. உன் ஊரில் இறங்கும்போது விடிந்துவிட்டது. உன் வீட்டில் பூட்டு. உன் மாமனாரும் பிள்ளைகளும் விடிவதற்குள் கோயிலுக்குப் போய்விட்டதாக எதிர்வீட்டில் சொன்னார்கள்.

நடுவில் கணக்குப் போட்டேன். வலது பக்கமாகப் போயிருக்கிறார்கள். பீப்பாயில் ஆரம்பித்து, மொட்டைக்கு வர மதியம் தாண்டும். நான் இடது பக்கமாக ஏறினால் அந்தப் பாறையில் எதிரே நின்று பிடித்துவிடலாம். வட்டத்தில் எதிரும் புதிருமாகப் போனால் சந்தித்துத்தானே ஆக வேண்டும்? அப்படித்தான் ஏறினேன். பழைய ஷூ, புதுப் பூட்ஸ் வாங்காத திமிர், உன் அத்தான் கேலி செய்கிற இந்த முட்டி, எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு.

பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருக்க முடியவில்லை. முள்ளை முறித்து வந்து வண்டிப்பாதைக்குக் குறுக்கே போட்டேன், இனி யாரும் அதில் போக முடியாது. அப்புறம் மொட்டை உச்சிக்கு ஏறினேன், நீங்கள் வருவது தெரியுமே என்று. கத்தி மேல் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. ஒன்று மஞ்சள். அது உன் சட்டைதான் என்று எனக்குத் தெரியும். அப்பாடா என்று இருந்தது. உடனே கோபமும் வந்தது. உன்னைத் திட்டுவதற்கு வார்த்தைகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். புள்ளிகள் பெரிதாகவில்லை. சிறுத்துக்கொண்டே போயின.

அப்போதுதான் புரிந்தது, நீ என் வழியில் போயிருக்கிறாய். உனக்கு முன்னால் நின்று காப்பாற்ற வந்தவள், உனக்குப் பின்னால் நிற்கிறேன். நீ தப்பித்துவிட்டாய் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் முழுசாக வருவதற்குள், அந்த இரண்டு புள்ளிகளும் எவ்வளவு ஒட்டி ஒட்டிப் போகின்றன என்று பார்த்தேன். பார்த்ததும் வயிறு எரிந்தது, சுண்டு. அந்த இடத்தில், அந்த நேரத்திலும். நீ எனக்குப் பின்னால் வருவதுதான் எனக்குப் பழக்கம். உன் முதுகைப் பார்ப்பது எனக்குத் தெரியாத வேலை.

நீ கையை ஆட்டினாய். என்னால் ஆட்ட முடியவில்லை. எந்த முகத்தோடு ஆட்டுவது? குடையை மூடி உட்கார்ந்துவிட்டேன். வந்த வழியே இறங்கி அடுத்த பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தேன்.

நீ அவளிடம் எனக்காகப் பொய் சொன்னதைப் படித்துவிட்டு லேபில் எல்லார் முன்னாலும் அழுதேன். பிளாஸ்டர் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். யாரும் நம்பவில்லை.

என்ன வேண்டுமானாலும் திட்டு.

அக்கா


மார்ச் 12

அக்கா,

திட்டத்தான் போகிறேன்.

நீ எழுதாமல் விட்டதற்காக இரண்டு நாள் உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டேன். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது வேறு. அவள் என்ன செய்தாள் உன்னை? அவளும் ஒரு வீட்டுப் பெண். அவளுக்கும் ஊரில் ஒரு அக்கா இருக்கிறாள், வாரம் தவறாமல் பேசுகிறாள். இதை உன்னிடம் கேட்காமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. கேட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பொய்யை எத்தனை நாள் சுமப்பது? கேட்டுவிட்டு விசிலைக் கையில் உருட்டினாள். பிறகு, "முட்டி வலியோட அந்த ஏத்தத்தை ஏறி வந்திருக்காங்களேக்கா" என்றாள். அதற்கப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள், "நான் விசில் ஊதினதுக்கு அவ்வளவு வேகமா யாரும் உக்காந்ததே இல்லக்கா." அவளுக்குக் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறது. நேரில் பார்த்தால் தீரும் கோபம்தான்.

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கத்தி மேலிருந்து அந்தக் குடையைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது பாசம் இல்லை. எரிச்சல். இந்த ஒரு நாளாவது என்னைத் தனியாக விடக் கூடாதா என்று. அப்புறம் நீ குடையை மூடிக்கொண்டாய். கத்தவில்லை, கூப்பிடவில்லை, இதுதான் கத்தி, பார்த்துப் போ என்று சொல்லவில்லை. மீதி வழி முழுவதும் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாய். நீ வெட்கத்தில் செய்தாயோ எதில் செய்தாயோ, பீப்பாய் வரைக்கும் நான் பார்த்தது எல்லாம் என்னுடையது.

அவற்றுக்குப் பேரும் வைத்துவிட்டேன், அப்பா கோபிக்க மாட்டார். மொட்டை இனிமேல் தலையணை. கூனன், மடிக்காத சட்டை. கத்திக்கு இஸ்திரி மடிப்பு. பீப்பாயைப் பார்த்தால் எனக்குத் தினமும் வருகிற அழுக்குத் துணி மூட்டை மாதிரியே இருக்கிறது, அதனால் மூட்டை.

ஏப்ரலில் வீட்டுக்கு வா என்று எழுதியிருந்தேன். மாற்றி எழுதுகிறேன். மலைக்கும் வா. நீ மொட்டையோடு திரும்பிவிட்டாய், மீதி மூன்று உனக்குப் பாக்கி. ஆனால் இது என் சுற்று. நான் முன்னால் நடப்பேன். எங்கே உட்காருவது என்று நான் சொல்வேன். அப்பா உனக்கு ஆரஞ்சு உரித்த இடத்தில் நீ வாயைத் திறக்கக் கூடாது. புதுப் பூட்ஸ் வாங்கு, அந்த ஷூவை எறி. குடை எடுத்து வரலாம்.

ஓரகத்தியும் வருகிறேன் என்கிறாள். உன்னையும் அக்கா என்று கூப்பிடலாமா என்று கேட்கச் சொன்னாள்.

சுண்டு


மார்ச் 16

சுண்டு,

அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். நீ படிக்காதே. மன்னிப்புக் கேட்பது எனக்குச் சரளமாக வராது, எழுத்தெல்லாம் கோணியிருக்கும்.

நீதிபதி பல்லை மாட்டிக்கொண்டு வந்து காட்டினார். நன்றாகச் சிரிக்கிறார். கோணல் இல்லை.

பூட்ஸ் வாங்கிவிட்டேன். கடையில் பச்சையும் இருந்தது, நீலமும் இருந்தது. பழுப்புதான் எடுத்தேன். வீட்டுக்குள் போட்டுப் பழக்குகிறேன். உன் அத்தான் எழுந்து ஜன்னலைச் சாத்தி வைத்தார்.

ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு வருகிறேன். தலையணை, மடிக்காத சட்டை, இஸ்திரி மடிப்பு, மூட்டை. மனப்பாடம் செய்துவிட்டேன், வேண்டுமானால் கேட்டுப் பார். நீ முன்னால் போ. நீ சொல்கிற இடத்தில் உட்காருகிறேன். ஆரஞ்சு வேண்டாம், வாழைப்பழம் எடுத்து வருகிறேன். வாயைத் திறக்காமல் வருவதற்கு முயற்சி செய்கிறேன், சத்தியம் எல்லாம் கேட்காதே.

உன் ஓரகத்தியும் வரட்டும். அக்கா என்றே கூப்பிடட்டும், பழகிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. உனக்குப் பின்னால் நடப்பது நான். அவள் எனக்குப் பின்னால்.

அக்கா